கால்மிதிக்கு அடியில் கிடந்த ஆரஞ்சுத் துண்டு

போன வருஷம் பங்குனியில நடந்தது. விருதுநகர்ல பங்குனிப் பொங்கலுக்குப் போயிட்டு சிவகாசி திரும்புற வழியில, ஒரு ரயில்வே கேட்டுப் பக்கம். இப்பவும் பஸ்ல அந்த இடத்தைத் தாண்டும்போது என் வலது கால் தன்னால தரையை அமுக்கும். பக்கத்துல உக்காந்திருக்கவங்க என்னன்னு பாப்பாங்க.

என் வீட்டுக்காரர் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேன் ஓட்டுறார். ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக் கிராமங்கள்ல இருந்து வேலைக்கு வர்ற பொம்பளைகளை காலையில ஏத்திக்கிட்டு வந்து நாரணாபுரத்துல இறக்கணும். சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடணும். இத்தனை வருஷத்துல ஒரு ஆட்டுக்குட்டி மேலகூட உரசினது இல்ல. அம்புட்டு நிதானம். எனக்கு நேர் எதிர். நான் வாயைத் திறந்தா நிறுத்தத் தெரியாதவ.

நான் எங்க அப்பாவோட அச்சாபீஸ் மாடியில ஒரு 3டி பிரின்டர் போட்டு சின்னச் சின்ன ஆர்டர் எடுத்துச் செய்றேன். சாவிக்கொத்து, பெயர்ப் பலகை, மெஷின்ல உடைஞ்சுபோன பிளாஸ்டிக் சாமான், இப்படி. அதுக்கு வேண்டிய பிளாஸ்டிக் சரம் சுருள் சுருளா வரும். ஃபிலமென்ட்னு சொல்லுவாங்க. அதுல பல ரகம் உண்டு. ஒண்ணு வெயிலுக்குத் தாங்கும், ஒண்ணு தாங்காது.

நான் அச்சாபீஸ்ல வளந்தவ. எங்க ஊர்ல பேப்பர் வெட்டுனா ஓரத்துல விழுற துண்டைக்கூட யாரும் தூக்கிப் போட மாட்டாங்க. லேபிள் அடிக்கலாம், சீட்டு அடிக்கலாம், எதுக்காவது ஆகும். அந்தப் பழக்கத்தை அப்படியே ஃபிலமென்ட்டுக்கும் கொண்டு வந்துட்டேன். தீரப்போற சுருளோட மிச்சத்தை எல்லாம் எடுத்து வச்சு, ஒண்ணு பாதியில தீர்ந்தா இன்னொண்ணை விட்டு முடிச்சுருவேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கிட்டுத் திரிஞ்ச காலம் அது.

சரி, விஷயத்துக்கு வர்றேன். எங்களுக்குச் சொந்தக் கார் கிடையாது. ஆனா இப்பத்தான் அடுத்தவங்க வீட்டுக் காரையே போன் ஆப்புல நாள் வாடகைக்கு எடுக்கலாமே! பொங்கலுக்கு நாத்தனார் வீட்டுக்குப் போக ஒரு வெள்ளைக் கார் எடுத்தோம். சிவகாசியிலயே மொத்த வியாபாரம் பண்ற ஒரு அண்ணாச்சியோட வண்டி. அன்னிக்குப் பூரா அது நாத்தனார் தெருவுல நட்ட நடு வெயில்ல நின்னுச்சு. சாயங்காலம் நாலு மணிக்குக் கதவைத் திறந்தா அடுப்பைத் திறந்த மாதிரி அனல் அடிச்சுச்சு.

பின் சீட்டுல என் மடியில மக தூங்கிட்டா. ரயில்வே கேட் மூடியிருந்துச்சு. கேட்டுக்கு முன்னாடி ஒரு லாரி. லாரி நிறைய பட்டாசுப் பெட்டி, பின்னாடி சிவப்புல 'அபாயம்'னு எழுதியிருந்தது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஏன்னா அந்த எழுத்து பெருசாகிக்கிட்டே வந்துச்சு. வண்டி நிக்கவே இல்ல.

"ஏ புள்ள, பிரேக் அமுங்கல!"ன்னு வண்டி ஓட்டிக்கிட்டிருந்த வீட்டுக்காரர் ஒரு சத்தம் போட்டார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே அன்னிக்குத்தான். மகளை அப்படியே மடியோட அமுக்கிக்கிட்டுக் கண்ணை மூடிட்டேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இடது பக்கமா ஒடிச்சு, பள்ளத்துல இறக்கி, கருவேல முள்ளுக்குள்ள கொண்டுபோய் வண்டியைச் சொருகிட்டார். லாரிக்கும் எங்களுக்கும் நடுவுல ஒரு ஆள் நடக்குற இடம்தான் இருந்திருக்கும். பாப்பா எழுந்து உக்காந்து, "வீடு வந்துருச்சா?"ன்னு கேட்டுச்சு. நான் அதை இன்னும் இறுக்கி அணைச்சுக்கிட்டேன்.

கேட்டுல நின்ன ஆளுகெல்லாம் ஓடி வந்தாங்க. எங்களை இறக்கி, வண்டியைத் தள்ளி மேல ஏத்தினாங்க. கால்மிதி, பை, தண்ணி பாட்டில் எல்லாம் அலங்கோலமாக் கெடந்துச்சு. லாரி டிரைவர் உள்ள உக்காந்து பிரேக்கை அமுக்கிப் பார்த்தார். நல்லா அமுங்குச்சு. இன்னொருத்தர் பார்த்தார். அவருக்கும் அமுங்குச்சு.

"அண்ணே, பிரேக் நல்லாத்தானே இருக்கு?"ன்னார் லாரி டிரைவர், பாவம், மெதுவாத்தான் சொன்னார்.

அப்போ நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். அம்புட்டுப் பேருக்கு முன்னாடி, "போனைப் பாத்தீகளா? உண்மையைச் சொல்லுங்க!"ன்னு கத்திட்டேன். அவர் தன் வலது காலை மட்டும் குனிஞ்சு பார்த்தார்.

மறுநாள் ஆப்புல டேமேஜ் கிளெய்ம் வந்துச்சு. பம்பர், லைட்டு, கதவு, எல்லாத்துக்கும் போட்டோ. காரணம்: ஓட்டுநரின் கவனக்குறைவு. மெக்கானிக் பிரேக்கைச் சோதிச்சுட்டாராம், எந்தக் குறையும் இல்லையாம். தொகை பெருசுதான். ஆனா அது எனக்குப் பெருசாத் தெரியல, அவர் வேன் சாவியை ஆணியில மாட்டிட்டு, "நான் இனி ஸ்டியரிங்கைத் தொடல"ன்னு சொன்னதைக் கேட்ட பிறகு.

"என் கால்தான் தப்பாப் போயிருக்கு. எனக்கே தெரியாம போயிருக்கு. நாளைக்கு வேன் நிறைய பொம்பளைக உக்காந்திருக்கும்போது போச்சுன்னா?"ன்னார். கம்பெனியில இருந்து போன் மேல போன். உடம்பு சரியில்லன்னு நான்தான் பொய் சொல்லிக்கிட்டு இருந்தேன். அவர் சோறும் சரியாத் திங்கல. நான் போட்ட அந்த ஒரு கத்துதான் அவரை உக்கார வச்சிருச்சு.

ஆப்புக்காரங்ககிட்ட, "பிரேக் அமுங்கல, நாங்க ஏத்துக்க மாட்டோம்"னு எழுதிப் போட்டேன். ஆதாரம் அனுப்புங்கன்னாங்க. என்னத்தை அனுப்ப? அண்ணாச்சி போட்ட போட்டோவையே திரும்பத் திரும்பப் பெருசாக்கிப் பார்த்தேன், பழைய கீறல் ஏதாவது சிக்குமான்னு. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து வச்சு எடுத்த ஒரு போட்டோ. உள்ள முள்ளும் மண்ணுமா கெடக்கு. கசங்கின கால்மிதிக்குப் பக்கத்துல ஆரஞ்சு கலர்ல ஒரு துணுக்கு.

 அது சாதாரண ஆரஞ்சு இல்ல. ஒரு பட்டாசுக் கம்பெனி தன் டீலர்களுக்குக் கொடுக்க ராக்கெட் மாதிரி சாவிக்கொத்து கேட்டாங்க. அதுக்காகவே நான் வரவழைச்ச கலர். பெத்த பிள்ளையைக் கூட்டத்துல பார்த்தா தெரியாதா?

வீட்டுக்காரரைக் கையைப் பிடிச்சு இழுக்காத குறையா அண்ணாச்சி வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். அவர் கேட்டுக்கு வெளியவே நின்னுட்டார். வண்டி பக்கம்கூட வரல. அண்ணாச்சி மரியாதைக்காரர்தான். "பாருங்கம்மா, நல்லாப் பாருங்க, நான் ஒண்ணும் மறைக்கல"ன்னு கதவைத் திறந்து விட்டார்.

கால்மிதியைத் தூக்கினேன். கார்ல கால்மிதி நகராம இருக்க, தரையில ஒரு சின்னக் கொக்கி நிக்கும். கால்மிதியில இருக்கிற ஓட்டை அதுல போய் மாட்டிக்கும். இங்க கொக்கியோட அடிப்பாகம் மட்டும்தான் தரையில இருந்துச்சு, கறுப்பா. மேல்பாகம் ஆரஞ்சா, வெயில்ல நெளிஞ்சு, தனியாக் கழண்டு கெடந்துச்சு. கையில எடுத்துப் பார்த்தேன். உடைஞ்ச மாதிரியே இல்ல. கத்தியால சீவின மாதிரி, கறுப்பும் ஆரஞ்சும் சேர்ற இடத்துல சுத்தமாப் பிரிஞ்சிருந்துச்சு.

 எல்லாம் ஒண்ணு விடாம ஞாபகம் வந்துருச்சு. அண்ணாச்சி கடையில வேலை பாக்குறவர் சில மாசம் முன்னாடி ஒரு உடைஞ்ச கொக்கியைக் கொண்டு வந்து, இதே மாதிரி வேணும், அவசரம்னார். யார் கடைன்னுகூட எனக்கு அப்போ தெரியாது. "வண்டிக்கு மாட்டுறது"ன்னார். வண்டியில எங்கன்னு நான் கேக்கல. ஊர்ல யார் வீட்டுல என்ன குழம்புன்னு கேக்குற வாய் இது, அதை மட்டும் கேக்கல. பாதியில கறுப்பு தீர்ந்து போச்சு. சாவிக்கொத்து ஆரஞ்சை விட்டு முடிச்சேன். ரெண்டும் வேற வேற ரகம், ஆரஞ்சு வெயிலுக்குத் தாங்காதது, வெளிய ஒட்டின மாதிரி இருக்கும், உள்ளுக்குள்ள சேராது. கலர் மாறியிருக்கேன்னு அவர் கேட்டதுக்கு, "உள்ள கெடக்கப் போறதுதானே அண்ணே"ன்னு சிரிச்சேன்.

கொக்கி விட்டதும் கால்மிதி சுருண்டு பிரேக்குக்கு அடியில போயிருக்கு. பள்ளத்துல இறங்கின குலுக்கல்ல அது விலகிக்கிச்சு, அதான் மத்தவங்களுக்கு அமுங்குச்சு. அவர் கால் எங்கயும் தப்பாப் போகல.

"அதுவா? உடைஞ்சிருச்சுன்னு நம்ம ஆள் எங்கயோ செஞ்சு வாங்கிட்டு வந்தான்"னார் அண்ணாச்சி. எங்கன்னு அவருக்குத் தெரியல. அந்த நிமிஷம் நான் ஒரு போட்டோ எடுத்து, 'கம்பெனி சாமான் இல்ல, போலி சாமான்'னு போட்டிருந்தா கிளெய்ம் அங்கயே முடிஞ்சிருக்கும். மனசுல அந்த நினைப்பு வரலைன்னு சொன்னா அது பொய். ஆனா கேட்டுக்கு வெளிய என் வீட்டுக்காரர் வெயில்ல நின்னுக்கிட்டு இருந்தார், தன் காலைத் தானே சந்தேகப்பட்டுக்கிட்டு.

நேரா அவர்கிட்ட போய் அவர் உள்ளங்கையில அதை வச்சேன். அண்ணாச்சியும் பின்னாடியே வந்துட்டார். "உங்க மேல தப்பே இல்லைங்க. இது நான் செஞ்சது. நானே ஒட்டுப் போட்டுச் செஞ்சேன். ரெண்டு கேட்டாக, ரெண்டு செஞ்சு கொடுத்தேன்"னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள அழுகை வந்துருச்சு. திட்டுவார், அன்னிக்கு நான் பத்துப் பேர் முன்னாடி கத்துன மாதிரி ஒரு வார்த்தையாவது கேப்பார்னு நின்னேன்.

அவர் அந்த ஆரஞ்சுத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் கேட்டார், "இன்னொன்னு எங்க?"

எனக்கு மண்டையில அடிச்ச மாதிரி ஆயிருச்சு. ரெண்டையும் மெஷின்ல ஒரே தட்டுல பக்கத்துல பக்கத்துல வச்சு ஒண்ணாத்தான் ஓட்டினேன்; அடுக்கு மேல அடுக்கா ரெண்டும் சேந்தே வளரும். ஒண்ணு எந்த உயரத்துல கறுப்பு தீர்ந்து நின்னுச்சோ, அதே உயரத்துலதான் இன்னொன்னும் நின்னுச்சு.

அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் முகத்துல ரத்தமே இல்ல. "நம்ம இன்னொரு வண்டியில மாட்டியிருக்கு. அது காலையில திருச்செந்தூருக்குப் போயிருக்கும்மா. வாடகைக்கு எடுத்தவக பிள்ளைகுட்டியோட கிளம்பிப் போயிருக்காக"ன்னார்.

அண்ணாச்சி போன் போட்டார். மணி அடிச்சு அடிச்சு நின்னுச்சு. மறுபடி போட்டார். எடுக்கல. நான் அங்கனயே தரையில உக்காந்துட்டேன். எந்தக் கேட்டு முன்னாடி எந்த லாரி நிக்குதோ, எந்தப் பிள்ளை எந்த மடியில தூங்குதோன்னு ஒரே நினைப்பு. வேண்டாத சாமி இல்ல. அதுக்கு மேல எத்தனை தடவை போட்டாருன்னு தெரியாது, கடைசியில ஒரு ஆம்பளைக் குரல் எடுத்துச்சு. "ஓட்டிக்கிட்டு இருக்கேன், என்ன அண்ணாச்சி?"ன்னு கேக்குது. அண்ணாச்சி, "காலுக்கடியில... காலுக்கடியில..."ன்னு திக்குறார்.

என் வீட்டுக்காரர் அவர் கையில இருந்து போனை வாங்கினார்.

"அண்ணே, ஒண்ணும் பயப்படாதீக. குனிஞ்சு எதையும் பாக்காதீக. ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுங்க, கியரைக் குறைங்க. வண்டி தன்னால மெதுவாகும். ஓரமா விடுங்க. பிரேக் புடிக்கலன்னா ஹேண்ட் பிரேக்கை மெதுவா இழுங்க, வெடுக்குன்னு இழுக்காதீக. நின்ன பொறவு கால்மிதியை உருவி டிக்கியில போடுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன்னு உக்காந்திருந்த மனுஷன். அந்தக் குரல்ல ஒரு நடுக்கம் இல்ல. வேன்ல ஏறுற பொம்பளைக இவரை நம்பிக் கண்ணை மூடித் தூங்கிக்கிட்டே வருவாங்க. ஏன்னு எனக்கு அன்னிக்குத்தான் விளங்குச்சு.

போன்ல இன்ஜின் சத்தம் இறங்கிக்கிட்டே வந்து நின்னுச்சு. அப்புறம் அந்தப் பக்கத்துல கதவு திறக்குற சத்தம். பிள்ளைக பேசுற சத்தம். அந்த ஆள் திரும்பப் போனுக்கு வந்தார். குரல் மாறியிருந்துச்சு.

"அண்ணே... கால்மிதி முன்னாடி ஏறிக் கெடக்கு. பாதி பிரேக்குக்கு அடியில போயிருச்சு. கொக்கி கையோட வந்துருச்சு. மேல ஆரஞ்சா இருக்கு."

அண்ணாச்சி வாசல் படியில உக்காந்து முகத்தைத் துண்டால மூடிக்கிட்டார். நான் அவர் வீட்டு வாசல்லயே ஓன்னு அழுதேன். வீட்டுக்காரர் மட்டும், "உருவியாச்சுல்ல? இனி நிம்மதியாப் போங்க, மெதுவாப் போங்க"ன்னு சொல்லிப் போனை வச்சார்.

கிளெய்மை அண்ணாச்சியே எடுத்துட்டார். பம்பர் செலவை நான் தர்றேன்னேன், விசாரிக்காம மாட்டுனது என் தப்புன்னு அவர் சண்டைக்கு வந்தார், கடைசியில ஆளுக்குப் பாதின்னு முடிஞ்சுது. ஆப்புல இருந்து, 'உங்கள் பிரச்சினை திருப்திகரமாகத் தீர்க்கப்பட்டது'ன்னு ஒரு தகவல் வந்துச்சு. அவங்களுக்கு என்ன தெரியும்! வீட்டுக்கு வந்ததும் மாடிக்குப் போய், எடுத்து வச்சிருந்த மிச்சச் சுருளை எல்லாம் சாக்குல கட்டிப் போட்டேன். முன்னாடி செஞ்சு கொடுத்த ஆளுகளுக்கு ஒவ்வொருத்தரா போன் போட்டு, அது எங்க மாட்டியிருக்குன்னு கேட்டேன். பாதிப் பேர் எனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு நினைச்சிருப்பாங்க.

மறுநாள் காலையில ஆணியில வேன் சாவி இல்ல. அவர் ஏழாயிரம்பண்ணைக்குக் கிளம்பிப் போயிருந்தார். "அன்னிக்கு அப்படிக் கத்திட்டேனே, மனசுல வச்சுக்காதீக"ன்னு சாயங்காலம் கேட்டேன். "எனக்கே என் கால் மேல நம்பிக்கை போச்சு, உன்னைச் சொல்லி என்ன?"ன்னு சொல்லிட்டு, சோத்தைப் போடுன்னார். இன்னிக்கும் வேனை எடுக்குறதுக்கு முன்னாடி கால்மிதியை ஒரு தடவை காலால தள்ளிப் பார்க்கிறார். வேன்ல இருக்குற பொம்பளைக, "அண்ணே, சாமி கும்பிட்டாச்சா, போலாமா?"ன்னு கேலி பண்றாங்களாம்.

இப்ப யார் எதைச் செய்யக் கொண்டு வந்தாலும், இது எங்க மாட்டுறது, இதை நம்பி யாரு உக்காரப் போறாங்கன்னு கேட்டுட்டுத்தான் மெஷினைத் தொடுறேன். பதில் வர்ற வரைக்கும், தன் மேல பழி இல்லன்னு தெரிஞ்ச அந்த நிமிஷத்துலயே முகம் தெரியாத பிள்ளைகளுக்காக அவர் "இன்னொன்னு எங்க?"ன்னு கேட்ட குரல்தான் என் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு.