பின்பாரம்

மதகை ஒட்டிய களிமண்ணில் எங்கள் பிக்கப் வண்டி சிக்கும்போதெல்லாம் நண்பன் இறங்கிப் போய்ப் பின்தட்டில் ஏறி நின்றுகொள்வான். வெறும் வண்டிக்குப் பின்னால் பாரம் கிடையாது. வண்டியை நகர்த்துபவையோ பின்சக்கரங்கள். பாரமில்லாத சக்கரம் சேற்றில் இருந்த இடத்திலேயே சுழலும். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை குதிப்பான், நான் இரண்டாவது கியரில் மெல்ல எடுப்பேன், வண்டி ஏறிவிடும். நல்ல உடம்பு அவனுக்கு. "என்னைக் கீரை விக்கக் கூப்ட்டியா, எடைக்கல்லா இருக்கக் கூப்ட்டியா, மச்சான்?" என்று பின்னாலிருந்து கத்துவான்.

ஊரப்பாக்கத்துக்கு மேற்கே, ஏரியை ஒட்டிய குத்தகை நிலத்தில் ஐந்து பெண்கள் கீரை பயிரிடுகிறார்கள். சமூகப்பணியில் பட்டம் பெற்ற நாங்கள் இருவரும் பழைய பிக்கப் ஒன்றை வாங்கி, விடியலில் அவர்கள் அறுக்கும் கீரையைத் தரகர் இல்லாமல் பெருங்களத்தூரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குக் கொண்டு சேர்க்கத் தொடங்கினோம். கீரை பிற்பகல்வரை தாங்காத பொருள். காலை எட்டு மணிக்குள் போய்ச் சேராத கட்டு மாட்டுக்குத்தான் போகும்.

ஆனி மாதம் நண்பனுக்குப் புனேயில் வேலை கிடைத்தது. அவன் வீட்டில் தங்கையின் படிப்பு இருந்தது. போகச் சொன்னது நான்தான்; அது சரியென்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் சரியான முடிவு எடுத்தவனுக்கு அதனால் ஆறுதல் கிடைத்துவிடும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். கிடைக்கவில்லை. இரும்புலியூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் நான் மட்டும் தங்கினேன். வண்டியில் அவன் இருக்கையில் என் மழைக்கோட்டு கிடந்தது. ஊரப்பாக்கத்துக் கிளைச்சாலையிலிருந்து ஜிஎஸ்டி சாலையில் சேரும் இடத்தில் அவன் தலையை வெளியே நீட்டி, "காலி, வா வா" என்பது வழக்கம். அவன் போன பிறகும் சில வாரங்கள் அந்தச் சொல்லுக்காக நான் காத்து நின்றிருக்கிறேன். பின்னால் வருபவர்கள் ஹாரன் அடித்த பிறகே, எட்டிப் பார்க்க வேண்டியவன் நான்தான் என்பது நினைவுக்கு வரும்.

புரட்டாசியில் முதல் நல்ல மழை பெய்தது. மறுநாள் வண்டி மதகடியில் நின்றுவிட்டது. பின்சக்கரங்கள் இரண்டும் தேய்ந்து மொட்டையாகியிருந்தன. வயலிலிருந்து ஐந்து பெண்களும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார்கள். நால்வர் தள்ளினார்கள், ஒருவர் நண்பன் நின்ற இடத்தில் ஏறி நின்றார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. வண்டி வெளியே வந்ததும் எல்லோரும் மதகு நீரில் கால் கழுவினோம். உரத்த குரல் உடைய அக்கா ஒருவர் தூக்குப்பாத்திரத்திலிருந்து எனக்கும் தேநீர் ஊற்றினார். "ஒல்லியா ஒரு ஆள விட்டுட்டுப் போயிட்டான் பாரு, அந்தக் குண்டுத் தம்பி" என்று சிரித்தார்.

அன்று காலை நெரிசலிலும் மாட்டிப் பெருங்களத்தூர் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. அலுவலகம் கிளம்பியவர்கள் கிளம்பியிருந்தார்கள். பாதிக் கட்டுகள் மீந்தன. அந்த வாரத்திலேயே இன்னொரு முறையும் அப்படி நடந்தது. மழைக்காலம் இனிமேல்தான் இருந்தது. நான் வராத நாட்கள் கூடினால் அவர்கள் தரகரிடம் திரும்புவார்கள். அவர் கொடுக்கும் விலைக்குக் கீரை பயிரிடுவதைவிட நிலத்தை மனை போடுகிறவர்களுக்கு விட்டுவிடலாம் என்று நிலத்துக்காரர் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தார். இதையெல்லாம் நான் யோசித்தேன். வண்டியை விற்றுவிட்டு ஒரு வேலை தேடிக்கொள்ளலாம் என்றும் யோசித்தேன். அதை நண்பனுக்கு எழுதி, அனுப்பாமல் அழித்தேன்.

தாம்பரத்தில் மேம்பாலத்தை ஒட்டி ஒரு டயர் கடை இருக்கிறது. அங்கே போவதற்கு முன் பல நாட்கள் கைப்பேசியில் டயர்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். தாரிலும் மண்ணிலும் ஓடக்கூடிய ஏ.டி. டயர்களில் விலை குறைந்த ஒன்று பார்க்க மிக நன்றாக இருந்தது. கடைக்காரரிடம் படத்தைக் காட்டினேன்.

"இது ஷோக்கு டயர், சார். ஜீப்ல ஊர் சுத்துறவன் போடுறது. உன் வண்டி லோடு ஏத்துனா இது தாங்காது. பக்கவாட்டுல நம்பர் போட்டுக்கீறான் பாரு, எத்தினி கிலோ தாங்கும்னு. அத்தப் பாக்காம வாங்காதே." பிறகு வண்டியைச் சுற்றி வந்தார். "எங்க ஓடுது வண்டி?"

"பெரும்பாலும் ஜிஎஸ்டி ரோடு. கடைசி ஒரு கிலோமீட்டர் ஏரிக்கரை. அதுல கொஞ்சம் களிமண்."

"ஒரு கிலோமீட்டருக்காக டயர் வாங்க வந்துகீற."

"அந்த ஒரு கிலோமீட்டர் தாண்டித்தான் அண்ணா கீரை இருக்கு."

அவர் முழுச் சேற்று டயர் ஒன்றை உருட்டி வந்தார். மண்ணைப் பிடிக்கும் ரப்பர்ப் பட்டன்கள் கட்டை விரல் அளவு தடித்திருந்தன. களிமண்ணில் அதற்கு நிகரில்லை என்றும், மழையில் தார்ச்சாலையில் திடீரென்று பிரேக் பிடித்தால் வழுக்கும் என்றும் அவரே சொன்னார். காலை ஏழு மணிக்கு என் வண்டிக்கு முன்னால் போகும் ஸ்கூட்டர்களில் பின்னிருக்கையில் பள்ளிப் பையோடு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். ஐந்து குடும்பங்களின் வருமானத்துக்காக அந்தப் பிள்ளைகளின் ஆபத்தைக் கூட்டும் உரிமை எனக்கு இல்லை. வேண்டாம் என்றேன்.

அடுத்து அவர் காட்டியது ஏ.டி. டயர்தான், பாரமும் தாங்கும், விலையும் நன்றாகக் குறைந்திருந்தது. குனிந்து பக்கவாட்டில் தேடினேன். டயர் தயாரான வாரத்தையும் ஆண்டையும் நான்கு இலக்கங்களாக அச்சிட்டிருப்பார்கள். நாங்கள் வண்டி வாங்கியதற்கும் முந்திய ஆண்டு அது.

"இது பழைய சரக்கு, அண்ணா."

"பழசா? ஒரு அடிகூட ஓடல, சார். காகிதம்கூடக் கிழியல."

"ஓடாட்டியும் ரப்பர் இறுகிடும்ல."

"சொம்மா குந்திகினு இருந்தா எனக்குந்தான் முட்டி இறுகிப் பூடுது" என்றார். ஆனால் அதை உருட்டிக்கொண்டு போய்ச் சுவரோரம் சாய்த்துவிட்டார்.

பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். "நாலும் மாத்த வேணாம். முன்னாடி ரெண்டுல பட்டன் இன்னும் கீது, மழையில பயமில்லாம ஓடும். இழுக்குறது பின்னாடிதான், அங்க மட்டும் போட்டுக்கோ. அதுலயும் ஒண்ணு கேக்குறேன், சொல்லு. எத்தினி வருசம் ஓட்டப் போற? ஆறு மாசம்னா செகண்டுல நல்லதா ரெண்டு தரேன், செலவு கம்மி. நாலு வருசம்னா இந்த மாசம் வந்த சரக்கு கீது, அத்தப் போடு."

நாளைக்கு வருவியா என்று கீரை அக்காக்கள் கேட்பார்கள். ஞாயிறும் உண்டா என்று குடியிருப்பில் கேட்பார்கள். எத்தனை வருடம் என்று அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. எதிரே ஒரு டயரிலிருந்து காற்று இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றதும் சொன்னேன்.

"நாலு."

"யோசிச்சுத்தான் சொல்றியா?"

"யோசிச்சாச்சு, அண்ணா."

அது உண்மையல்ல. எதையும் நிறுத்துப் பார்த்தே முடிவெடுத்துப் பழகிய நான் அந்த ஒன்றை நிறுத்துப் பார்க்காமல் சொன்னேன். கழற்றிய டயர்களைப் போகிக்கு எரித்துவிட மாட்டார்களே என்று மட்டும் விசாரித்தேன். "பொண்ணக் கட்டிக் குடுத்தவன் மாதிரி கேக்குற, சார். பழசுக்குப் புது ரப்பர் ஒட்டுற ரீட்ரெட்காரன் எடுத்துகினு போவான், கவலப்படாதே" என்றார்.

புதிய டயர்கள் தார்ச்சாலையில் ஒரே சுருதியில் இரைந்தன. முன்பு என்றால் எங்கள் பேச்சில் அது கேட்டிருக்காது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திப் பின்சக்கரத்தைப் படம் எடுத்து நண்பனுக்கு அனுப்பினேன். 'உன் வேலைக்கு ஆள் போட்டுவிட்டேன்' என்றும் எழுதினேன். ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வந்தது. அவன் ஏதோ கூட்டத்தில் இருந்திருப்பான். அதற்குப் பிறகும் மாலை முழுதும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மழை. மதகடியில் ஐந்து பேரும் சேலையைச் செருகிக்கொண்டு, சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தயாராக நின்றிருந்தார்கள். வண்டி ஒரு முறை நழுவியது. பட்டன்கள் மண்ணைக் கவ்வின. வண்டி நிற்காமல் மேட்டில் ஏறியது. கண்ணாடியில் பார்த்தபோது அவர்கள் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றிருந்தார்கள். அறுத்த கீரையைப் பெட்டிகளில் அடுக்கி மேட்டில் வைத்திருந்தார்கள். ஏற்றினார்கள். பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டேன். ஏழே காலுக்குப் பெருங்களத்தூர். ஒரு கட்டும் மீந்துபோகவில்லை.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். நான் நினைத்தது அனைத்தும் நினைத்தபடியே நடந்தது. மூன்றாம் நாள் பகலில், சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். அன்று காலையிலிருந்து நான் யாரிடமும் ஒரு முழு வாக்கியம் பேசியிருக்கவில்லை. வயலில் தலையசைத்தேன், குடியிருப்புகளில் எண்ணிக்கை சொன்னேன். சேற்றில் சிக்கிய அந்த முக்கால் மணி நேரங்களை இழப்பு என்ற பக்கத்தில் மட்டுமே நான் எழுதி வைத்திருந்தேன்.

நான்காம் நாள் மழை விட்டுத் தூறலாக இருந்தது. பெட்டிகள் ஏறின. நான் சாவியைத் திருப்பும்போது உரத்த குரல் அக்கா ஜன்னலருகே வந்து கதவை இரண்டு தட்டு தட்டினார்.

"இன்னா தம்பி, ரப்பர் புதுசு போட்டதும் நாங்க தெரியல உனக்கு."

"அப்படியெல்லாம் இல்லக்கா. நேரமாயிடும்னு..."

"வண்டி மாட்டிகினாத்தான் எறங்குவியா நீ?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். தூக்குப்பாத்திரம் மதகின் மேல் இருந்தது. மணி ஆறே முக்கால்கூட ஆகவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினேன். அவர்கள் வரிசையாகக் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். என் காலில் சேறே இல்லை. இருந்தும் செருப்பைக் கழற்றிவிட்டு அவர்களோடு மதகு நீரில் இறங்கி நின்றேன்.