உப்புத் தண்ணீரில் ஒரு வட்டம்

கடல் தண்ணீரைத் தொட்டுக் கருங்கல்லில் படம் போட்டால் அது எத்தனை நேரம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். தை மாசத்து வெயிலில், கந்தனை நினைத்து நிதானமாய் ஒரு கும்பிடு போட்டு நிமிர்கிற நேரம் இருக்கும். பங்குனியில் கும்பிட்ட கையை எடுப்பதற்குள் காய்ந்துவிடும். ஆனாலும் முழுசாகப் போகாது. உப்பு லேசாகத் தங்கும். சாய்ந்து பார்த்தால்தான் தெரியும்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து என் மனைவிக்கு வயிற்றில் தங்கியது. போகாத கோயில் இல்லை, கட்டாத தொட்டில் இல்லை. அஞ்சாம் மாசம் கலைந்துவிட்டது. அதற்குப் பிறகும் அவள் சமைத்தாள், வாசல் பெருக்கினாள், தவறாமல் விளக்கேற்றினாள். பேச்சு மட்டும் நின்றுபோனது. கேட்டதற்குத் தலையாட்டுவாள், அவ்வளவுதான்.

செங்கல்பட்டில் அவளைப் பார்த்த டாக்டரம்மாதான் சொன்னார். படம் போடுவது, மண் பிசைவது, பாடுவது எல்லாம் நொந்த மனசுக்கு எப்படி உதவுகிறது என்று ஒரு பெண் ஆராய்ச்சி பண்ணிப் படிக்கிறாளாம். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கடலோரமாய் ஒரு வீட்டில், வெள்ளிக்கிழமை தோறும், இவளைப் போல ஏழெட்டுப் பெண்களைக் கூட்டி வைத்துச் செய்கிறாளாம். படம் போட்டால் போன பிள்ளை வந்துவிடுமா என்று எனக்குள் ஓடியது. வேறு வழி தெரியாததால் கூட்டிக்கொண்டு போனேன்.

நான் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். பத்தாவது வரை போய், பாஸ் பண்ணாதவன். வெள்ளிக்கிழமை காலையில் வண்டியை ஓரங்கட்டினால் ஸ்டாண்டில் ஒருத்தன் விடமாட்டான். "இன்னா அண்ணாத்த, டிராயிங் கிளாஸுக்குப் பென்சில் சீவிக்கினியா?" என்பான். சிரித்துவிட்டுப் பஸ் ஏறுவேன். வழியில் திருக்கழுக்குன்றம் மலை தெரிந்ததும் உட்கார்ந்தபடியே கும்பிடுவேன். அவள் ஜன்னல் பக்கம் சாய்ந்திருப்பாள், மலை அவள் முகத்துக்குப் பின்னால் நகர்ந்து போகும்.

அந்த வீட்டு முற்றம் முழுக்கக் கருங்கல் பாவியிருந்தது. சுற்றிலும் சவுக்கு மரங்கள். அலைச் சத்தமும் சவுக்கின் சத்தமும் கலந்து, எது எது என்று பிரிக்க முடியாமல், தூக்கத்துக்குள் கேட்பது மாதிரி இருக்கும். ஆளுக்கொரு தகர டப்பாவில் கடல் தண்ணீரும் ஒரு பிரஷ்ஷும் கொடுப்பாள் அந்தப் பெண். கல்லில் என்ன வேண்டுமானாலும் போடலாம். யாரும் இன்னது என்று கேட்கமாட்டார்கள்.

மற்றவர்கள் பூ, மீன், வீடு என்று போட்டார்கள். என் மனைவி கையகல வட்டம் ஒன்று போடுவாள். அது காய்கிற வரை பார்த்துக்கொண்டிருப்பாள். காய்ந்ததும் அதே இடத்தில் மறுபடியும் வட்டம். ஒவ்வொரு வாரமும் அதே கல்தான். நான் அதைப் பார்க்காமல் கடல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

முடிந்ததும் அந்தப் பெண் ஆளுக்கொரு தாள் தருவாள். அதில் வரிசையாக ஐந்து முகங்கள், அழுகிற முகத்தில் தொடங்கிச் சிரிக்கிற முகம் வரைக்கும். இந்த வாரம் மனசு எப்படி இருந்ததோ அந்த முகத்தில் டிக் போட வேண்டும். முதல் வாரம் என் மனைவி தாளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். நான் வாங்கி, சிரிக்கிற முகத்தில் டிக் போட்டுக் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமையும் அதுவுமாய், விளக்கேற்றின கையோடு வந்துவிட்டு, அழுகிற முகத்தில் எப்படிப் போடுவது? போட்டால் அதுவே நிலைத்துவிடும் என்று பயம். நல்லதை எழுதினால் நல்லது வரும் என்று ஒரு நம்பிக்கை. அப்புறம் ஒவ்வொரு வாரமும் நானேதான் போட்டேன். அந்தப் பெண் மற்றவர்களோடு இருந்ததால் கவனிக்கவில்லை.

இதற்குள் வீட்டில் ஒரு மாற்றம் வந்திருந்தது. புதன்கிழமையானால் அவளாகவே வாய் திறந்து, நாளன்னிக்கு வெள்ளிக்கிழமைதானே என்று கேட்பாள். வாரம் முழுக்க அவள் கேட்கிற ஒரே கேள்வி அதுதான்.

ஏழாவது வாரம் அந்தப் பெண் மலர்ந்த முகத்தோடு வந்தாள். அக்கா நன்றாகத் தேறிவிட்டார்கள், தாள்களைப் பார்த்தாலே தெரிகிறது, இனி வர வேண்டியதில்லை, அந்த இடத்துக்கு இன்னொருத்தர் காத்திருக்கிறார் என்றாள். என் மனைவியின் பிரஷ் வட்டத்தின் பாதியில் நின்றது. போட்ட பாதி காய்ந்துகொண்டே வந்தது.

முருகா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு எழுந்தேன். "அந்த டிக்கெல்லாம் நான் போட்டதும்மா. அவ போடல."

வெள்ளிக்கிழமைக் கதையையும் சொன்னேன். அந்தப் பெண் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நாள் உழைத்த படிப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவள் திட்டவில்லை. இதையெல்லாம் கணக்கில் சேர்க்க முடியாது, கேட்க வேண்டியவரிடம் கேட்காமல் விட்டது என் தப்புதான் அண்ணா என்றாள். புதுத் தாள் ஒன்றை என் மனைவியிடம் நேராக நீட்டினாள்.

என் மனைவி பென்சிலை வாங்கி, யோசிக்கவே இல்லை, அழுகிற முகத்தில் டிக் போட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கெழமன்னா மறைச்சி வெக்கணுமா? சாமிக்குத் தெரியாததா இன்னா?"

அவ்வளவு நீளமாக அவள் பேசி மாசக்கணக்காகியிருந்தது. அவள் அந்தப் பெண்ணிடம் திரும்பினாள்.

"அடுத்த வாரமும் வரேன். இவருக்கும் ஒரு தாள் குடும்மா. இவரை யாரும் கேக்கல."

தாளை வாங்கிக்கொண்டு கல்லில் உட்கார்ந்தேன். வேட்டி நனைந்தது. ஐந்து முகமும் என்னையே பார்த்தன. நான் எதில் டிக் போட்டேன் என்று அவள் எட்டிப் பார்க்கவில்லை. பிரஷ்ஷைத் தண்ணீரில் தோய்த்து, விட்ட இடத்திலிருந்து வட்டத்தை முடித்தாள். அது காய்ந்தபோது அப்படியே சாய்ந்து பார்த்தேன். ஏழு வாரத்து உப்பு, சன்னமாய், விபூதி பூசினது போல வெள்ளையாய் நின்றது. முதல் தடவையாகத் திரும்பிக்கொள்ளாமல் பார்த்தேன்.