கிராஃப் சாரின் கூட்டு வகுப்பு

எதைக் கேட்டாலும் பலகையில் குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு போட்டுத்தான் பதில் சொல்வார் என்பதால், பொருளாதார ஆசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் கிராஃப் சார். அவர் மனைவி அதே கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்தினார். எல்லாருக்கும் அவர் மேடம்.

வரலாறு, பொருளாதாரம், அரசியல், உளவியல் எதிலும் ஆள் சேராத வருடம், முதல்வர் நான்கையும் சேர்த்துக் கட்டி முதலாண்டுக்கு ‘சமூக அறிவியல் அறிமுகம்’ என்றொரு பாடத்திட்டம் தொடங்கினார். முங்குகிற நாலு பேர் கைகோத்துக்கொண்டால் கப்பலாகிவிடுவார்கள் என்பது அவர் நம்பிக்கை.

முதல் பாடம், குடும்பம். சாரும் மேடமும் சேர்ந்து நடத்த வேண்டும்.

“வீட்டுல யாருக்கு எது நல்லா வருதோ, அவங்க அதைச் செய்வாங்க. மொத்தக் குடும்பத்துக்கும் லாபம்” என்று கோடு இழுத்தார் சார்.

மேடம் நாற்காலியில் இருந்தபடியே கேட்டார்: “பாத்திரம் கழுவுறது எனக்குத்தான் நல்லா வரும்னு எந்தத் தேர்தல்ல முடிவாச்சு சார்?”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. முன்வரிசை மாணவி எழுந்தாள்.

“நீங்க கழுவிப் பாத்திருக்கீங்களா சார்?”

“இல்லம்மா.”

“அப்ப உங்களுக்கு வராதுன்னு எப்படி சார் தெரியும்?”

கோடு பாதியில் நின்றது. ஆனால் சார் லேசுப்பட்டவர் அல்ல. அடி விழுந்த இடத்திலேயே கடை போட்டார். இருவர் கேட்ட கேள்விகளையும் தன்னுடையவையாக்கி, ‘சமையலறையில் அதிகாரம்’ என்று ஒரு கட்டுரை எழுதினார். கல்லூரி கல்லூரியாக அழைப்பு வந்தது. பெண்களின் உழைப்பைப் பற்றித் தொண்டை தழுதழுக்கப் பேசுவார். பேசப் போகும் சட்டையைத் தேய்த்துக் கொடுப்பது மேடம்.

ஒருநாள் மேடம் கட்டுரையைப் படித்தார்.

“என் பேரு எங்கங்க?”

“கடைசியில நன்றி போட்டிருக்கேனே, ‘பொறுமை காத்த மனைவிக்கு’ன்னு.”

“பொறுமையா? யாரு, நானா?”

மறுநாளிலிருந்து இஸ்திரிப் பெட்டி சூடாகவில்லை. அடுப்பு ஓர் ஆளுக்கு மட்டும் எரிந்தது. சார் கசங்கிய சட்டையோடு, காலி வயிற்றோடு சமத்துவம் பேசினார். கூட்டம் அதை எளிமை என்று நினைத்துக் கைதட்டியது.

மேடம் வீட்டில் சண்டை போடவில்லை. அந்த மாணவியையும் சேர்த்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடி எழுதி, இரண்டு பேர் பெயரிலும் அச்சேற்றினார். சாருக்கு வந்த அழைப்புகள் அப்படியே திசை மாறின. முதல்வரோ, “இதெல்லாம் நம்ம பாடத்திட்டத்தோட சாதனை” என்று அடுத்த வருட விளம்பரத்தில் போட்டுக்கொண்டார்.

இப்போது வெளியூர்க் கூட்டங்களில் பேசுவது மேடம். சார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடப் போகிறார். மேடையில், “மேடத்தின் கணவரும் வந்திருக்கிறார்” என்று சொல்லும்போது எழுந்து கும்பிடுகிறார். சுருக்கென்றுதான் இருக்கிறதாம்.