வெட்டாதே என்று சொல்லித் தந்த களிசான்

மதிய லுஹர் தொழுதுவிட்டுக் கடைக்குத் திரும்பினேன். என் தையல் மிஷினுக்கு அடியில் இரண்டு வெள்ளைத் துண்டுகள் கிடந்தன. பார்த்ததும் நெஞ்சு கொதித்தது. இன்றைக்கு நினைத்தாலும் கொதிக்கிறது.

கல்முனையில் ஓர் உடுப்புக் கடையின் பின்பக்கத்தில் ஓல்டரேஷன் வேலை பார்த்தேன். நீளம் குறைப்பது, இடுப்புப் பிடிப்பது, சிப் மாற்றுவது. அன்று காலையில் மருதமுனையிலிருந்து ஒரு பெண் வந்து மகனுக்கு இரண்டு பாடசாலைக் களிசான், வெள்ளை நீளக் காற்சட்டை, வாங்கினார். வீட்டில் தறி நெய்கிறவர். வேண்டுமென்றே நீளமாகத்தான் எடுத்தார்.

“காக்கா, வெட்டிராதீங்க. உள்ளுக்கு மடிச்சுத் தைங்க. இவன் வளர்ற வளத்திக்கு வாற வருசம் அவுத்து விடணும்.”

“ஓம் தங்கச்சி, மடிச்சே தைக்கிறன்.”

வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் தொழப் பள்ளிக்குப் போனேன். அந்த நேரத்தில் முதலாளி என் மிஷினில் உட்கார்ந்து, ஒரு களிசானின் இரண்டு கால்களையும் வெட்டி ஓரம் அடித்து வைத்திருந்தார்.

“முதலாளி, அவ மடிக்கத்தானே சொன்ன?”

“மடிச்சுக் குடுத்தா அவ திரும்பி வருவாவா? பொடியன் வளந்தா வந்து புதுசு வாங்கட்டும்.”

“அது அமானிதம், நம்பித் தந்த பொருள்.”

“தொழுதுட்டு வந்து எனக்குப் பயான் பண்ணாத. மத்ததையும் வெட்டு.”

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முதல் ஸஃப்பில், முன்வரிசையில், இடம் பிடிக்கிற மனிதர் இவர்! நான் கத்தரிக்கோலைத் தொடவில்லை.

மாலை அஸர் தொழுகைக்கு முன் அந்தப் பெண் வந்தார். களிசானை விரித்து, காலுக்குள் விரலை விட்டுத் தடவினார். மடிப்பு இல்லை.

“வெட்டிப்போட்டீங்களே காக்கா! இத வாங்க நான் எத்தின நாள் தறியில இருந்திருப்பன்?”

முதலாளி சிரித்தார்.

“கட்டையாப் போனா நல்லந்தானே. கரண்டைக் காலுக்கு மேல நிக்கும், தொழுகைக்கு வசதி.”

“உங்கட களவுக்கு மார்க்கத்த இழுக்காதீங்க!” என்று கத்தினேன். கடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வெட்டியதற்கு வேறு களிசான் கொடுக்கச் சொன்னேன். முதலாளி கொடுக்கவில்லை. வெட்டாத களிசானை எடுத்து, ஊசியும் வெள்ளை நூலும் சேர்த்து அந்தப் பெண்ணின் கையில் வைத்தேன்.

“இத ஒருத்தர்ட்டயும் குடுக்காதீங்க தங்கச்சி. மகன நிக்க வெச்சு அளந்து மடிச்சு, கையாலயே தைங்க. வெளிப்பக்கத்துல ஒரு இழையத்தான் ஊசி பிடிக்கணும்.”

“தறிக்காரிக்கு இழை தெரியாதா காக்கா?” என்றார். கண் நிறைந்திருந்தது.

“நாளைக்கு வராத” என்றார் முதலாளி.

“நாளைக்கு என்ன, இப்பவே போறன்.”

வீட்டில் ஊசி பிடிக்கத் தெரிந்தவர்கள் களிசான் மடிக்கக் கடைக்குப் போகாதீர்கள். தெரியாதவர்கள் கொடுங்கள், கூலியும் கொடுங்கள். ஆனால் மடிப்பைத் தடவிப் பார்த்து வாங்குங்கள். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். முதலாளி சொன்னார் என்று வெட்டாதீர்கள். நாளை மறுமையில் முதலாளி உங்களுக்காகப் பதில் சொல்ல வரமாட்டார். மிஷினுக்கு அடியில் கிடந்த அந்த வெள்ளைத் துண்டுக்கும் அல்லாஹ்விடம் கேள்வி இருக்கிறது.