ஆல்ரவுண்டர் என்று ஒரு பட்டம்

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. தேனியில் பருத்தி அரைக்கும் ஆலையில் தினக்கூலியாகச் சேர்ந்த நாளிலிருந்தே கை சும்மா இருக்கவில்லை. இயந்திரத்தின் தோல் பட்டை அறுந்தால் தைப்பேன். எடை போடுவேன். குமுளிப் பக்கமிருந்து வரும் வியாபாரிகளிடம் மலையாளத்தில் பேரம் பேசுவேன். கணக்கப்பிள்ளை வராவிட்டால் கடிதமும் எழுதுவேன். ஆனால் எனக்கு வேண்டியது ஒன்றுதான்: ஆலை எஞ்சினை ஓட்டுகிற டிரைவர் வேலை. அது நிரந்தரம். பழைய டிரைவர் கண் மங்கி வேலையிலிருந்து நிற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தப் பங்குனியில் வற்றிய கண்மாயில் மலை எஸ்டேட்காரர்களோடு கிரிக்கெட் பந்தயம் வைத்தார்கள். முதலாளி குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணில் பட வேண்டும் என்றே வெறிபிடித்தவன் மாதிரி ஆடினேன். நாலு பேரை அவுட்டாக்கினேன். மட்டையைப் பிடித்துக் கடைசிவரை நின்றேன். எல்லைக் கோட்டிலிருந்து நான் எறிந்த பந்து நேராகப் போய்க் குச்சியைச் சாய்த்தது. எஸ்டேட் டாக்டர் முதலாளியிடம் இவன் ஆல்ரவுண்டர் என்றார். பந்தும் போடுவான், மட்டையும் பிடிப்பான், எங்கே நிறுத்தினாலும் நிற்பான் என்று விளக்கமும் சொன்னார். முதலாளிக்கு அந்த வார்த்தை பிடித்துப்போயிற்று. எனக்கோ தலைகால் புரியவில்லை.

மறுவாரம் எஞ்சின் வேலை வேறொருவனுக்குப் போனது. எண்ணெய் விடுவதைத் தவிர அவனுக்கு எதுவும் தெரியாது. நேரே போய் முதலாளியிடம் கேட்டேன்.

"ஏலே, அவனுக்கு வேற என்னடா தெரியும்? அவன அங்கன ஒக்கார வச்சிரலாம். நீ ஆல்ரவுண்டர். ஒன்னைய ஒரே எடத்துல கட்டிப் போட்டா மத்த வேலைய யாரு பாக்குறது?"

பாராட்டித்தான் சொன்னார். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தேவதானப்பட்டி ஆலையில் என்ன தெரியும் என்று கேட்டார்கள். எஞ்சின் மட்டும்தான் தெரியும் என்றேன். வேலை கிடைத்தது, நிரந்தரமாகவே. ஆனால் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. கண்ணெதிரே பட்டையைத் தப்பும் தவறுமாகத் தைப்பார்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன். மலையாளம் பேசுகிற வியாபாரி முன்னால் கணக்கப்பிள்ளை திருதிருவென்று விழிப்பார். நான் துடைத்த எஞ்சினையே மறுபடி துடைப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலைப் பொட்டலில் எங்கள் ஆட்கள் கிரிக்கெட் ஆடினார்கள். நான் ஓரமாக நடந்து போனேன். யாரோ அடித்த பந்து உருண்டு வந்து என் காலடியில் நின்றது.

"எறிங்கண்ணே" என்று குச்சிக்குப் பக்கத்தில் நின்றவன் கத்தினான்.

ஓடுகிறவன் பாதி வழியில் இருந்தான். எறிந்தால் குச்சியைச் சாய்த்துவிடுவேன். புது முதலாளி வேப்பமர நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பந்தை எடுத்துக்கொண்டு அவ்வளவு தூரமும் நடந்தே போனேன். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். நான் நீட்டிய கையிலிருந்து பந்தைக் குச்சியருகே நின்றவன் பிடுங்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது.