நான் மூட மறுத்த டிக்கெட்

1. முதல் நாள், பதினேழு சாவு

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் நான் பதினேழு முறை செத்தேன். எண்ணியது நான் இல்லை. பக்கத்து மேசை இசக்கி, சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் 'அண்ணாச்சி' என்று எழுதி, ஒவ்வொரு சாவுக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, அவ கத்திய ஓங்குதாள்லா, அப்பமே உருளணும். நீங்க நின்னு வேடிக்கை பாக்கிய."

"உருளுறதுக்கு எந்த பட்டன்லே?"

"காலையிலேருந்து தொண்டை கிழிய அதத்தான சொல்லுதேன். வட்டம்!"

எனக்கு அப்போது அறுபத்தொரு வயது. ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று, இலத்தூர் வீட்டில் செய்தித்தாளை விளம்பரம் வரை படித்துக்கொண்டிருந்தவன். என்னை இந்த வேலைக்கு அழைத்தவர் முத்தையா. ராயகிரிக்காரர், என் பழைய நண்பரின் மகன். குற்றாலம் சாலையில் ஒரு சிப்ஸ் கடையின் மாடியில் எட்டுப் பேரை வைத்து வீடியோ கேம் செய்துகொண்டிருந்தார்.

"இவனுவ பக் ரிப்போர்ட் எழுதச் சொன்னா 'சரியா வரல'ன்னு ஒத்த வரி எழுதுதானுவ அண்ணாச்சி. எங்கன வரல, எப்ப வரல, எத்தன தடவ வரல, ஒண்ணும் கிடையாது. ஒங்களுக்குக் குறை எழுதத் தெரியும். வாங்க."

எனக்குக் குறை எழுதத் தெரியும். அதுதான் என் படிப்பு, பிழைப்பு, கர்வம் எல்லாம்.

2. மதகுக்காரி

விளையாட்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கதையைச் சொல்கிறேன். ஒரு மலை நாடு. அருவியில் ஒரு நாள் கறுப்புத் தண்ணீர் வருகிறது. குடித்தவர்கள் செத்தும் நடமாடுகிறார்கள். அரசன் ஒரு வீரனை மலைக்கு மேலே அனுப்புகிறான்: அங்கே மதகைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒருத்தியைக் கொன்றுவிட்டு வா. வழியெல்லாம் பிணங்களோடு சண்டை. உச்சியில் அவள். ஒரு கட்டத்தின் முடிவில் வரும் பெரிய எதிரியை 'பாஸ்' என்பார்கள். இந்த விளையாட்டின் கடைசி பாஸ் அந்த மதகுக்காரி. ஆள் உயரத்துக்கு ஒரு கத்தி வைத்திருப்பாள். இரண்டு அடி பட்டால் நாம் காலி. பிறகு அடிவாரத்தில் இருந்து மறுபடியும் ஏறி வரவேண்டும்.

கதையும் சண்டையும் ஷாஹினாவுடையவை. வடகரையில் இருந்து பஸ்ஸில் வருவாள். இருபத்தெட்டு வயது. அத்தா துபாயில். அவள் எழுதிய வசனங்களைத் திரையில் பிழை பார்க்க எனக்குக் கண் ஒத்துழைக்கவில்லை என்று அச்சடித்து வாங்கினேன். மில் பழக்கப்படி ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'சரிபார்த்தேன்' என்று கையெழுத்திட்டேன். அது முதல் வாரத்தில்.

இன்னொரு மில் பழக்கத்தையும் நான்தான் அங்கே கொண்டுவந்தேன். குறை கண்டவன் எழுதியதை அவன் கையெழுத்து இல்லாமல் வேறு யாரும் அடித்துவிடக் கூடாது. அதாவது, 'பக்' எனப்படும் குறையைக் கணினியில் பதிந்து டிக்கெட் போட்டவர் மட்டுமே அதை மூடலாம். முதலாளியாக இருந்தாலும் முடியாது. முத்தையாவுக்கு இது மிகவும் பிடித்துப்போய், சிஸ்டத்திலேயே அப்படி அமைத்துவிட்டார்.

3. நூற்று நாற்பத்து மூன்று

டெஸ்டர் வேலை விளையாட்டு இல்லை. வெளியே இருப்பவர்களுக்கு இது புரிவதே இல்லை. "பேரன் மாதிரி கேம் ஆடுதாராம்" என்று ஊரில் சிரித்தார்கள். ஒரே சுவரில் நானூறு முறை முட்டிப் பார்த்து, நானூற்று ஒன்றாவது முறை சுவருக்குள் கால் புகுந்தால் அதை எழுதிவைப்பதுதான் வேலை. ஆனிச் சாரல் தொடங்கிவிட்டால் கீழே சாலை முழுக்க வேன்கள், ஹாரன், சிப்ஸ் கடையின் எண்ணெய்ப் புகை. நினைத்தால் கரண்ட் போகும். ஒருமுறை ஜன்னல் வழியாக வந்த குரங்கு என் கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு எதிர் மாடிக்குப் போய்விட்டது. "அதுவாவது உருளுதான்னு பாப்பம்" என்றான் இசக்கி.

இந்த எரிச்சலில் எல்லா டெஸ்டரும் செய்யும் ஒரு காரியத்தை நானும் செய்யத் தொடங்கினேன். மதகுக்காரி கத்தியைத் தூக்குவதற்கு முன் ஒரு காட்சி வரும். அவள் நான்கு வரி பேசுவாள். அதைத் தாண்டிப் போக ஒரு பட்டன் உண்டு. மூன்றாவது நாளில் இருந்து அந்த நான்கு வரியை நான் கேட்கவே இல்லை. செத்து, ஏறி, பட்டனை அமுக்கி, மறுபடியும் செத்து.

வெள்ளிக்கிழமை ஒரு பெரிய கம்பெனிக்கு டெமோ அனுப்ப வேண்டும். அவர்கள் எடுத்துக்கொண்டால் முழு விளையாட்டையும் முடிக்கலாம். எடுக்காவிட்டால் இல்லை. மாடியில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. அந்த வாரம் திங்களும் செவ்வாயும் ஷாஹினா விடுப்பு. அவள் உம்மாவுக்குத் திருநெல்வேலியில் கண் ஆபரேஷன்.

செவ்வாய்க்கிழமை என் கோடுகள் நூற்று நாற்பத்து மூன்றைத் தொட்டன. வெறுத்துப்போய்க் கன்ட்ரோலரை மேசையில் போட்டேன். போட்ட வேகத்தில் ஏதோ ஒரு பட்டன் அமுங்கி, என் வீரன் கத்தியை உறைக்குள் போட்டுவிட்டான். நான் டீ எடுக்கத் திரும்பினேன். திரும்பிப் பார்த்தால் வீரன் உயிரோடு இருக்கிறான். மதகுக்காரி ஓங்கிய கத்தியோடு அப்படியே நிற்கிறாள். அடிக்கவில்லை.

"இசக்கி! மாட்டிக்கிட்டா!"

"என்ன அண்ணாச்சி?"

"ஃப்ரீஸ் ஆயிட்டா பாரு. கையக் கட்டிக்கிட்டு நின்னா இவ அடிக்கவே மாட்டங்கா."

ஐந்து முறை செய்து பார்த்தேன். ஐந்து முறையும் நின்றாள். அவளிடம் ஒரு குறை கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் என் வாழ்நாளின் மிகத் தெளிவான ரிப்போர்ட்டை எழுதினேன். டிக்கெட் எண் 212. 'ஆயுதத்தை உறையில் இட்டு அசையாமல் நின்றால் பாஸ் தாக்குவதை நிறுத்திவிடுகிறது. ஐந்துக்கு ஐந்து முறை உறுதி. கிரிட்டிக்கல்.' கிரிட்டிக்கல் என்றால் உடனே சரிசெய்ய வேண்டும். இசக்கி வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பி, மாலைக்குள் சரிசெய்துவிட்டான். இப்போது கத்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவள் வெட்டினாள். நான் செத்தேன். திருப்தியாக வீட்டுக்குப் போனேன்.

4. புதன்கிழமை

காலையில் ஷாஹினா பையைக்கூட இறக்கி வைக்காமல் என் மேசைக்கு வந்தாள்.

"சார், 212 நீங்க போட்டதா?"

"ஆமாம்மா. அம்மாவுக்குக் கண்ணு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்காங்க. சார், அது பக் இல்ல. அதுதான் கத."

அவள் நின்றுகொண்டே சொன்னாள். மதகுக்காரி கறுப்புத் தண்ணீரை விடுகிறவள் இல்லை. தடுத்து நிற்கிறவள். அவளைக் கொன்றால் மதகு உடைந்து கீழே உள்ள ஊர்கள் முழுகிவிடும். அரசன் சொன்னது பொய். வழி முழுக்க வெட்டிக்கொண்டே வந்தவன், கடைசியில் வெட்டாமல் நிற்கக் கற்றுக்கொள்கிறானா என்பதுதான் விளையாட்டு. சண்டையை அவ்வளவு கடினமாக வைத்ததே, ஆடுகிறவன் ஒரு கட்டத்தில் வெறுத்துப்போய், வேறு வழி உண்டா என்று யோசிக்கட்டும் என்பதற்காக.

"அவளே சொல்லுதாள்லா சார், சண்டைக்கு முந்தி. 'கையில் ஒன்றும் இல்லாதவனை நான் தொட்டதில்லை'ன்னு."

எனக்குப் புரிந்தது. முழுதாகப் புரிந்தது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். புரியாமல் செய்த தவறு என்றால் இதை எழுதவே வேண்டியதில்லை.

இசக்கி காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். முத்தையா தன் அறை வாசலில் நின்றார். நேற்று மாலை எல்லாரும் கைதட்டிய டிக்கெட் அது. "டிசைன் டாக்குமெண்ட்ல அப்படி ஒண்ணும் இல்லையே" என்றேன்.

"ரகசியமா இருக்கட்டும்னு எழுதல சார். டெஸ்டருக்குத் தெரிஞ்சா டெஸ்ட் பண்ணுறதுல அர்த்தம் இல்லல்லா? வசனத்துல இருக்கு. நீங்க படிச்சியள்லா?"

"படிக்காமலா? பிழை பாத்ததே நான்தான். தினமும் அந்த சீனப் பாக்கிறேன். எனக்கு அப்படித் தோணவே இல்லம்மா. படிக்கிறவனுக்குப் புரியலன்னா எழுதினதுலதான் குறை."

அவள் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஏதோ கணக்குப் போடுகிறவள் மாதிரி நின்றாள். பிறகு, "அவ்வளவு மறச்சு எழுதிட்டனா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

முத்தையா சொன்னார்: "அண்ணாச்சி 'இது குறை இல்ல'ன்னு ஒரு கிளிக் பண்ணி மூடுனா அஞ்சு நிமிசத்துல பழசுக்கு மாத்திரலாம். இன்னைக்குச் சாய்ங்காலம் டெமோ பில்டு லாக் பண்ணுதோம், பொறவு யாரும் தொட முடியாது. அண்ணாச்சி, யோசிச்சுச் சொல்லுங்க. ரூலு ஒங்க ரூலு."

5. அந்தப் பக்கம்

மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபோது என் டிராயரில் இருந்த வசனக் கோப்பைத் திறந்தேன். மதகுக்காரியின் நான்கு வரிகள் இருந்த பக்கம். அடியில் 'சரிபார்த்தேன்', என் கையெழுத்து. 'கையில் ஒன்றும் இல்லாதவனை நான் தொட்டதில்லை' என்ற வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் நானே ஒரு குறிப்பு எழுதியிருந்தேன்.

'அப்படியானால் இவளோடு சண்டையே வேண்டியதில்லையே! அருமை.'

முதல் வாரத்தில், கன்ட்ரோலரைத் தொடாமல், நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தபோது எனக்கு ஒரே வாசிப்பில் புரிந்திருக்கிறது. நூற்று நாற்பத்து மூன்று சாவில் அதை மறந்திருக்கிறேன். காலையில் அந்தப் பெண்ணிடம், எழுத்தில்தான் குறை என்று சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு எழுந்திருந்தால் போதும். அவள் கைகழுவும் இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். நான் அதை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். சாயங்காலம் முத்தையா கேட்டபோது, "என் கருத்து மாறல" என்றேன். பில்டு போனது.

கம்பெனிக்காரர்கள் பத்து நாள் கழித்து வீடியோ காலில் வந்தார்கள். சண்டை பிரமாதம், ஆனால் இதுபோல நிறைய வருகிறது என்றார்கள். கதை எதையோ சொல்ல வந்து, கடைசியில் சும்மா வெட்டிக் கொல்வதில் முடிந்துவிடுகிறதே என்றார்கள். ஷாஹினா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த மாதம் அவள் கொச்சியில் வேறு வேலைக்குப் போனாள். மாடியில் மதகுக்காரியை மூட்டை கட்டிவிட்டு, குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் ஆப் செய்யத் தொடங்கினார்கள். அதிலும் நான் டெஸ்டர். ஒரு முயல் கேரட் எண்ணும். ஏழுக்குப் பிறகு ஒன்பது எண்ணியது. டிக்கெட் போட்டேன்.

6. மூடியது

இரண்டு ஆண்டுகள் ஆயின. நான் வேலையை விட்டு வீட்டோடு இருந்தேன். போன மாதம் முத்தையா போன் செய்தார்.

"அண்ணாச்சி, பழைய சிஸ்டத்த மூடுதோம். எல்லாம் குளோஸ் ஆயிட்டு. ஒண்ணே ஒண்ணு ஒங்க பேருல நிக்கி. நீங்க வந்து அமுக்குனாத்தான் போவும்."

பஸ் ஏறிப் போனேன். 212. இசக்கி அன்றே சரிசெய்திருந்தாலும் நான் மூடவே இல்லை. அதைத் திறந்து பார்க்கும் தைரியம் இல்லாததால்தான். காரணம் எழுதும் கட்டத்தில் இப்படி எழுதினேன்: 'விளையாட்டில் குறை இல்லை. டெஸ்டர் கதையைத் தாண்டிப் போனார். பிறகு தெரிந்தும் மறைத்தார்.' மடிப்பு விழுந்த அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து இணைத்தேன். மூடினேன்.

டிக்கெட்டைப் பின்தொடர்கிற எல்லாருக்கும் அது தானாகவே மெயில் அனுப்பும் என்பதை மறந்திருந்தேன். சிப்ஸ் கடை வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது போன் வந்தது.

"சார், ஷாஹினா."

"சொல்லும்மா."

"இந்தப் பக்கம் ஒங்ககிட்டயா இருந்திச்சு? அன்னைக்கேவா?"

"ஆமா. சட்டைப் பையில."

பிறகு சொன்னாள்: "எனக்கு எழுத வரலன்னு நெனச்சிட்டேன் சார். இங்கன வந்தப்ப கதையா, சண்டையான்னு கேட்டாங்க. சண்ட மட்டும் போதும்னுட்டேன். ரெண்டு வருசமா அடுத்தவங்க கதைக்கு அடி எவ்வளவு, உசுரு எவ்வளவுன்னு நம்பர் போட்டுக்கிட்டு இருக்கேன்."

மன்னிப்புக் கேட்டேன்.

"போட்டோல பென்சில் மங்கலா இருக்கு. என்ன எழுதியிருக்கிய? வாசிங்க."

வாசித்தேன்.

"இன்னொரு தடவ."

ஒரு வேன் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போனது. அது போகும்வரை காத்திருந்து மறுபடியும் வாசித்தேன்.

"அந்தத் தாள எனக்கு அனுப்பிருங்க சார். போட்டோ வேண்டாம், தாள்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இந்த வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இரண்டே விஷயம். எத்தனை முறை செத்திருந்தாலும், டிக்கெட் போடுவதற்கு முன் ஒருமுறை அந்தக் காட்சியைத் தாண்டாமல் பாருங்கள். போட்ட டிக்கெட் தவறு என்று தெரிந்தால் அன்று மதியத்துக்குள் மூடிவிடுங்கள். மாலைக்கு மேல் அது கனத்துவிடும். நான் தென்காசித் தபால் நிலையத்தில் அந்தத் தாளைப் பதிவுத் தபாலில் கொடுத்தபோது, எடை போட்ட பெண் "ஒரே ஒரு தாளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.