தந்தையர் வாரியத்துக்கு ஆள் எடுத்த நாள்

பெஞ்சில் தாராளமாக இடம் இருந்தும் அவர் உட்காரவில்லை. மாடிப்படி முடியும் இடத்தில் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தார். பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தவர் கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இருவரையும் எனக்குத் தெரியும். ஒருவர் நிற்பதற்கும் மற்றவர் முறைப்பதற்கும் என்ன காரணம் என்பதும் தெரியும். விருதுநகரில் ஒரு அலுவலக மாடியில், காலை வெயில் ஏறத் தொடங்கிய நேரம். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு இருவரையும் தாண்டி அறைக்குள் நுழைந்தபோது, இன்றைக்கு இங்கே கைகலப்பு நடக்கப்போகிறது என்றே நினைத்தேன்.

தனியாகப் பிள்ளை வளர்க்கும் தகப்பன்மாருக்காக எங்கள் மாவட்டத்தில் ஒரு வாரியம் அமைக்கப்பட்டிருந்தது. வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள், அப்பாக்களுக்கு என்ன வாரியம் என்று. எங்கள் பக்கத்தில் யாரும் சிரிக்க மாட்டார்கள். பட்டாசு ஆலைகளில் திரி வைப்பதும் மருந்து செலுத்துவதும் பெரும்பாலும் பெண்கள். வெடித்தால் போவது பல நேரம் அம்மாதான். நிவாரணம் வரும், மாலை வரும், ஒரு வாரம் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். அதன்பிறகு வீட்டில் ஒரு ஆணும் பிள்ளைகளும் மட்டும். பள்ளியில் ஆசிரியையாக இருந்த காலம் முழுக்க அப்படிப்பட்ட தகப்பன்மாரைப் பார்த்திருக்கிறேன். தலை பின்னத் தெரியாமல் ரப்பர் பேண்டைச் சுற்றிப் பிள்ளையை அனுப்பிவிட்டு, கேட்டுக்கு வெளியே தயங்கி நிற்பார்கள்.

வாரியத்துக்குச் சம்பளம் இல்லாத உறுப்பினர்கள் தேவைப்பட்டார்கள். வீடுகளுக்குப் போக வேண்டும், பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூட நடக்க வேண்டும். குடும்பங்களோடு வேலை பார்த்த அனுபவமோ, தனியாகப் பிள்ளை வளர்த்த அனுபவமோ இருக்க வேண்டும். வருபவர் மேல் வழக்கு எதுவும் இருக்கக் கூடாது. தேர்வு செய்ய மூன்று பேர்: தலைவராக ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர், குழந்தை மருத்துவர் ஒருவர், நான். மற்ற ஊர்களுக்கு ஆள் முடிவாகிவிட்டது. எம். புதுப்பட்டிப் பக்கத்துக்கு மட்டும் ஒரு இடம் பாக்கி. அதற்கு இரண்டே பேர்தான் வந்திருந்தார்கள்.

உட்கார்ந்ததுமே தலைவரிடம் சொல்லிவிட்டேன். "வெளியே இருக்கிற ரெண்டு பேரையும் எனக்குத் தெரியும் சார். பெஞ்சில் இருக்கிறவரோட மகள் என் வகுப்பில் படிச்சவ. அவளோட அம்மா வெடிவிபத்தில் போனாங்க. நிற்கிறவர் அந்த ஆலையில் அப்ப போர்மேன்."

மருத்துவர் தலை நிமிர்ந்தார். தலைவர் கையை விரித்தார். "இந்த ஊர்ல யாருக்கு யாரைத் தெரியாது? நீங்க சொல்லிட்டீங்க, அது போதும். இருங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வழக்கு?" என்று கேட்டார்.

"விடுதலை ஆயிட்டார். சாட்சி சொல்ல யாரும் வரலை."

முதலில் பெஞ்சில் இருந்த புதுப்பட்டிக்காரரைக் கூப்பிட்டோம். சிவகாசியில் ஆப்செட் அச்சகத்தில் வேலை பார்ப்பவர். நகக்கண்ணில் மை. முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருந்தார். என்ன செய்வீர்கள் என்று தலைவர் கேட்டதற்கு, செய்வதைச் சொல்லாமல், தான் திண்டாடியதைச் சொன்னார்.

"எம்மக பெரியவளானப்ப நான் மெஷின்ல நின்னுட்டு இருந்தேன் சார். போன் பண்ணி அழுகுறா, என்னான்னு சொல்ல மாட்டேங்கிறா. சைக்கிள எடுத்துக்கிட்டு டீச்சர் வீட்டுக்குத்தான் ஓடுனேன். இவுகதான் வந்தாக. அன்னைக்கு இவுக ஊருல இல்லாட்டி என்ன செஞ்சிருப்பேன்னு இன்னமும் நெனைப்பேன். அந்த மாதிரி ஓடுறதுக்கு ஒரு வீடு எல்லாருக்கும் வேணும்ல. அதுக்குத்தான் வந்தேன்."

மருத்துவர் இரண்டு மூன்று கேள்வி கேட்டார். குடிப்பழக்கம் உள்ள தகப்பனிடம் எப்படிப் பேசுவீர்கள், பிள்ளையை அடிப்பதைப் பார்த்தால் என்ன செய்வீர்கள் என்று. நிதானமாகவே பதில் வந்தது. எழுந்திருக்கும்போதுதான் கேட்டார்.

"வெளிய நிக்கிறாரே, அவரு எதுக்கு வந்திருக்காரு?"

தலைவர் ஒளிக்கவில்லை. "அவரும் இதே இடத்துக்குத்தான்."

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் வெளுத்தன. "இதுக்கா? செத்தவ புருசன் வீட்டுக்கு இவரு போயி ஆறுதல் சொல்லுவாராக்கும்?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "அவர எடுக்கிறதா இருந்தா என்னைய விட்ருங்க சார். அவரு உக்காருற எடத்துல நான் உக்கார மாட்டேன்."

கதவு சாத்திக்கொண்டது. நடையில் செருப்புச் சத்தம் போனது, நின்றது. யாராவது கத்துவார்கள், எதுவாவது விழும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். மேலே மின்விசிறி மட்டும் கடகடத்தது. பிறகு படியிறங்கும் சத்தம் கேட்டது. அப்போதுதான் மூச்சே விட்டேன்.

போர்மேன் உள்ளே வந்தார். நான் முன்பு பார்த்ததற்குப் பாதியாக இளைத்திருந்தார். ஆலை வேலையை விட்டு, இப்போது விருதுநகரில் ஒரு மிளகாய் மண்டியில் மேற்பார்வை பார்க்கிறார். மனைவி இறந்த தகப்பன்மார் வீடுகளுக்குச் சில வருடங்களாகவே போய்வருகிறார் என்பது மருத்துவருக்குத் தெரிந்திருந்தது. "இவர் கூட்டிட்டு வர்ற பிள்ளைகளுக்குத் தடுப்பூசி ஒண்ணுகூட விட்டுப்போனதில்லை" என்று தலைவரிடம் சொன்னார். சோறு வடிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறார், சான்றிதழ் வாங்க அலைந்திருக்கிறார், கைக்குழந்தையைக் குளிப்பாட்டியிருக்கிறார். தகுதி என்று பார்த்தால் அவருக்குக் குறையே இல்லை.

தலைவர் நேரடியாகக் கேட்டார். "ஏன் இந்த வேலை செய்றீங்க?"

அவர் மேசையைப் பார்த்தபடி சொன்னார். "அன்னைக்கு ஆர்டர் நெருக்கடி சார். தீபாவளி சீசன். ஒரு ரூமுக்கு இம்புட்டுப் பேருன்னு கணக்கு இருக்கு. அதுக்கு மேல ஆள உள்ள உக்கார வச்சது நாந்தேன். மொதலாளி சொன்னாரு, நாஞ் செஞ்சேன். இப்பப் போனாரே, அவரு சம்சாரம் பக்கத்து ரூம்ல இருந்தவுக. நாங் கூப்பிட்டுத்தான் அந்த ரூமுக்கு வந்தாக."

தலைவரின் பேனா நின்றுவிட்டது. "நீங்க என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா? கோர்ட்டுல நீங்க இதைச் சொல்லலை."

"வக்கீலு வாயத் திறக்கக் கூடாதுன்னாரு. திறக்கல. இங்கன பொய் சொல்லி உள்ள வந்தா அந்த வீடுகளுக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவேன்? நீங்க போலீசக் கூப்பிட்டாலும் சரிதான்."

அவரை வெளியே இருக்கச் சொன்னோம். கதவு சாத்தியதும் மருத்துவரும் தலைவரும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு பேசினார்கள். அவர் சொன்னதை மேலிடத்துக்கு எழுதி அனுப்பியாக வேண்டும், அதில் தனக்கு வேறு வழியில்லை என்றார் தலைவர். ஆனாலும் தீர்ப்பு வந்த வழக்கு, அதை வைத்துத் தகுதியில்லை என்று சொல்ல விதியில் இடமில்லை, அதனால் எடுக்கலாம் என்பது அவர் கருத்து. மருத்துவர் முதலில் அவருக்காகப் பேசியவர், இப்போது மாறிவிட்டார். "என்னால அந்தப் பெண்ணை மறந்துட்டுக் கையெழுத்துப் போட முடியாது" என்றார். ஆளுக்கொரு பக்கம். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"புதுப்பட்டிக்காரர்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்" என்றார் தலைவர். "உங்க பேச்சைக் கேட்பார்."

கீழே இறங்கிப் போனேன். வாசலில் டீக்கடை ஓரம் நின்றிருந்தார். கையில் இருந்த டீ ஆடை கட்டியிருந்தது. அறையில் போர்மேன் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். அதை அறிந்துகொள்ள அவரைவிட உரிமை உள்ளவர் யாருமில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். கூப்பிட்டுத்தான் அந்த அறைக்குப் போனாள் என்று சொன்ன இடத்தில் மட்டும் கண்ணை மூடித் திறந்தார்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றேன்.

"எங்கிட்டக் கேக்காதீக டீச்சர்." டீயை அப்படியே கடைப் பலகையில் வைத்தார். "வேண்டாம்னா பழி வாங்குனவன்னு பேரு. சரின்னா அவ எனக்கு என்னன்னு ஒரு கேள்வி இருக்குல்ல? அந்தப் பாரத்த எந்தலையில எறக்காதீக. ஆள் எடுக்கிறது நீங்கதான. நீங்களே எடுங்க."

அவர் சொன்னது நியாயம். படியில் நின்று நின்று ஏறினேன். நல்லவர் யார் என்று பார்த்தால் விடை கிடைக்காது என்று தோன்றியது. மனைவியைப் பறிகொடுத்து நாலு நாள்கூட ஆகாத ஒருவன் கதவைத் திறக்கிறான். அரசு அனுப்பிய ஆள் என்று போர்மேன் நிற்கிறார். பிறகு ஒரு நாள் இவர் யார் என்று அவனுக்குத் தெரியவருகிறது. வாரியத்தின் கதவை அதற்குப் பிறகு அவன் தட்டுவானா? அறைக்குப் போய் இதைத்தான் சொன்னேன். போர்மேனை எடுக்க வேண்டாம், புதுப்பட்டிக்காரரை எடுக்கலாம்.

தலைவர் போர்மேனை அழைத்துச் சொன்னார். அவர் தலையை ஆட்டினார். முகத்தில் கோபமில்லை. போகத் திரும்பியவர் நின்றார்.

"நான் அந்த வீடுகளுக்குப் போறத நிப்பாட்டச் சொல்ல மாட்டீகள்ல?"

"வாரியத்தின் பேரைச் சொல்லிப் போகக் கூடாது. அவ்வளவுதான்" என்றார் தலைவர்.

"எம்பேரச் சொல்லிக்கூடப் போறதில்ல சார்" என்றுவிட்டுப் போனார்.

தலைவர் மேலே எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் வந்ததாகத் தெரியவில்லை.

மழை தொடங்கியிருந்த ஒரு நாள் பிற்பகல் எனக்குப் போன் வந்தது. ஆலங்குளம் போகும் வழியில் ஒரு சிற்றூர். சமீபத்து விபத்தில் மனைவியை இழந்த இளைஞன், ஏழு மாதக் குழந்தை. புதுப்பட்டிக்காரர் உறுப்பினராக முதன்முதலில் தனியாகப் போன வீடு அது.

"டீச்சர், அவரு இங்கன இருக்காரு."

"என்ன செய்றார்?"

"அடுப்படியில பால் பாட்டில வெந்நியில போட்டு எடுக்காரு. புள்ள அவரு தோள்ல கெடக்கு. அழுகாம கெடக்கு." மூச்சு வாங்கினார். "நான் என்ன செய்யட்டும்?"

"அவரைப் போகச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு."

"அது எனக்குத் தெரியாதா?" என்று வெடுக்கென்று சொன்னார். தகரக் கூரையில் மழை விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு போன் நின்றுபோனது.

திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பலமுறை முயன்றேன். அந்த ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரைப் பிடித்து ஆளை அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன். ஆறுமணி வாக்கில் அவரே கூப்பிட்டார். குழந்தை பால் குடித்து முடிக்கும்வரை வாசல் பந்தலுக்கு அடியில் நின்றாராம். போர்மேன் குழந்தையை அந்த இளைஞனிடம் கொடுத்துவிட்டு, பின்வாசல் வழியாக நனைந்துகொண்டே போய்விட்டார். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

அதன்பிறகும் அப்படித்தான். இவர் போகும் நாளில் அவர் வருவதில்லை. அவர் வரும் புதன்கிழமையில் இவர் போவதில்லை. யாரும் பேசி வைத்த ஏற்பாடு இல்லை.

போன மாதக் கூட்டம் முடிந்து பஸ் நிலையம்வரை சேர்ந்து நடந்தபோது, இரண்டு பேரும் ஏன் ஒரே நாளில் வருவதில்லை என்று அந்த இளைஞன் கேட்டுவிட்டான் என்றார் புதுப்பட்டிக்காரர்.

"என்ன சொன்னீங்க?"

"உள்ளதச் சொன்னேன். எம்பொண்டாட்டி எப்படிச் செத்தா, அவரு யாருன்னு எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஒளிச்சா தப்புல்ல? இனிமே அவரு வர வேண்டாம்னு சொல்லிருவான்னுதான் இருந்தேன்."

"சொல்லிட்டானா?"

சாத்தூர் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அவர் படியில் கால் வைத்து ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"புள்ளையப் பாத்தான் டீச்சர். அப்புறம், அவரு வர்ற புதன்கிழமை மத்தியானம் மட்டுந்தான் நான் தூங்குறேண்ணேன்னான். நான் வேற என்னத்தச் சொல்ல? சரி, தூங்குன்னுட்டு வந்தேன்."